கன்னியம்மாள் கட்டிய வார்த்தை

திருவேற்காடு,
ஈசுவர வருஷம், ஐப்பசி மாதம்.

சிரஞ்சீவி மணவாளனுக்கு அம்மா தாட்சாயிணி ஆசீர்வாதம். ரங்கூனில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கக் கருமாரியம்மன் துணை. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் எழுதுவேன், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, நாற்று நட்டாயிற்று, உன் அப்பாவுக்கு இருமல் தேவலை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன்னோடு மெஸ்ஸில் சாப்பிடுகிற துலுக்கானம் லீவில் வந்தவன், வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு வந்து நீ கொடுத்தனுப்பிய குடையைக் கொடுத்தான். கன்னியம்மாள் அவனுக்கு மோர் வைத்துவிட்டு, புருஷன் தனக்கு ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பான் என்று கதவோரம் நின்றாள். அவன் சொல்கிறான், இன்னா பெரிம்மா, உங்க மருமவ புதுசா இங்கிலீஷு கண்டுபுடிச்சிக்கீது, அன்ஸ்லீப்ஃபுல்னு எழுதிக்கீது, மணவாளன் மெஸ்ஸுல படிச்சிக் காட்டசொல்ல வயித்தப் புடிச்சிகினு சிரிச்சோம் என்று. அவனைச் சொல்லி என்ன, படித்துக் காட்டியவன் நீ. பெண்டாட்டி உனக்கென்று எழுதியதை ஊரார் சோறு தின்கிற இடத்தில் படிக்க உனக்கு வெட்கமாயில்லையா?

அந்த வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? கப்பல் ஏறுகிறவரை அவளைக் கூடத்தில் உட்காரவைத்து, இங்கிலீஷ் வார்த்தை எவ்வளவு நீளமாயிருந்தாலும் பயப்படாதே, துண்டு துண்டாகப் பிரி, நடுவில் இருப்பது வேர், முன்னால் அன் வந்தால் இல்லை என்று அர்த்தம், பின்னால் ஃபுல் வந்தால் நிறைய, லெஸ் வந்தால் ஒன்றுமில்லை என்று நீதானே சொன்னாய். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டிருந்த எனக்கே பாடமாகிவிட்டது. நீ போன பிறகு தீப்பெட்டி மேல் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் தொடையில் தட்டித் தட்டி அசை பிரிப்பாள். ஹெல்ப், ஹெல்ப்ஃபுல், அன்ஹெல்ப்ஃபுல் என்று கேழ்வரகு அரைக்கும்போதும் அதே பேச்சு. நீ சொன்ன சட்டப்படிதான் அவளும் ஒன்றைக் கட்டினாள், வெள்ளைக்காரன் அப்படியொன்றை வைத்துக்கொள்ளவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இப்படி எழுதக் கூடாது, இப்படித்தான் எழுத வேண்டும் என்று ஒரு வரி போட்டால் உன் கை தேய்ந்தா போகும்? அதுவும் கிடக்கட்டும். வார்த்தையைப் பிரிக்கத் தெரிந்தவனாயிற்றே நீ, அதைப் பிரித்துப் பார்த்தாயா? அந்தப் பெண்ணுக்கு ராத்திரியில் தூக்கம் இல்லையடா. அதைத்தான் எழுதினாள். அத்தனை பேர் சிரித்தீர்களே, ஒருவனாவது அவளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்டானா? மற்றவன் கேட்க வேண்டாம், நீ கேட்டாயா?

அவள் அன்றைக்கு அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தான் படிக்கிற இங்கிலீஷ் புஸ்தகத்தை எடுத்துப் பரணில் போட்டாள். அத்தே, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன், எப்ப வருவேன்னு கேக்காதீங்க என்றாள். உன் அப்பா, சிரிச்சதுக்கெல்லாம் ஒருத்தி ஊட்ட வுட்டுப் போவாளா, நிறுத்தி வை என்கிறார். நான் நிறுத்தப்போவதில்லை. திங்கட்கிழமை நானே அவளை வேப்பம்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவரப் போகிறேன். அவள் திரும்பி வருவதும் வராததும் உன் கையில் இருக்கிறது. அங்கே அவளுக்கு எழுது. பாடம் நடத்தாதே, புத்தி சொல்லாதே, செய்தது தப்பு என்று தமிழிலேயே எழுது, அவள் எழுதுவதை இனி யாருக்கும் காட்ட மாட்டேன் என்றும் எழுது.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. அந்த ஊர்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. நீ நூறு வயசு நன்றாக இரு, அப்பாவும் ஆசீர்வாதம் சொன்னார். கடிதம் முடிக்கும்போது கன்னியம்மாளின் நமஸ்காரம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவேன். இப்போதும் என்ன எழுதட்டும் என்று அவளைக் கேட்டேன். கீரையை எடுத்து ஆய உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லாததை நான் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தாட்சாயிணி