அமுங்கிய தழும்பு

ஆவணி, ஞாயிறு.

என் காதில் தோடு போட்ட இடத்தில் புளியங்கொட்டை போலப் புடைத்திருந்த தழும்பு, தோல் டாக்டர் மாதாமாதம் அதற்குள்ளேயே போட்ட ஊசியால் இப்போதுதான் அமுங்கியிருக்கிறது. மறுபடி காது குத்தினால் முன்னைவிடப் பெரிதாக வளரும் என்று எச்சரித்திருக்கிறார். அது தெரிந்தும் இன்று என் நாத்தனார் வத்தலக்குண்டிலிருந்து ஜிமிக்கியும் காது குத்துகிற ஆசாரியுமாக வந்து இறங்கினாள். பெரிய மகாராணி!

"அதான் அமுங்கிருச்சுல்ல மதினி, செத்த தள்ளிக் குத்திக்குவோம். மூளிக் காதோட எங்க வீட்டு விசேஷத்துல நின்னா எங்கண்ணனுக்குத்தான அசிங்கம்?"

"அம்புட்டு அசிங்கமா இருந்தா, உங்கண்ணன் காதுல குத்தி மாட்டிவிடு" என்றேன். ஆசாரி சிரித்துவிட்டார். அவள் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். போகட்டும்.

சாப்பிடும்போது இவர் என் காதையே முறைத்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டு வந்த நாட்களில், வலிக்கிறதா என்று கேட்கக்கூட அவர் திரும்பிப் பார்க்காத காது அது.