பகவதியின் கைச்சுற்று

1955, தை 5, செவ்வாய்

நல்ல பனி. கடைப் பலகை எடுக்கும்போது விரல் விறைத்தது. மத்தியானம் அதே கடையில் வேர்த்து ஊற்றியது.

தக்கலை பிச்சையா வந்தார். பந்தல், விளக்கு, மைக் வாடகைக்கு விடுகிறவர். மூன்று ஆம்ப்ளிபயர் கேட்டிருக்கிறார். மாசியில் கோயில் கொடைத் திருவிழாக்கள் தொடங்குமுன் வேண்டுமாம். இதுவரை மதராஸ் பெட்டிதான் வைத்திருந்தார், நம் கோட்டாற்றுப் பெட்டி இதுதான் முதல் தடவை. சத்தம் சுத்தமாக இருந்தால் மேற்கே உள்ள வாடகைக்காரர் எல்லோரும் நம்மிடம் வருவார்கள். இரைந்தால் இதோடு சரி.

நிலவரம்:
முதல் பெட்டி முடிந்தது.
இரண்டாவது, வால்வு சாக்கெட் இரண்டு குறை.
மூன்றாவது இன்னும் வெறும் தகடு.
மீதிப் பெட்டிக்கு இரண்டு வீதம் டிரான்ஸ்பார்மர் நான்கு சுற்ற வேண்டும். பகவதி.

"நீரு இதெல்லாம் எங்க படிச்சீரு வே?" என்று பிச்சையா. ஷாக் அடித்துப் படித்தேன் என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சைக்கிள் கடைக்காரன் நான். பட்டாளத்துப் பழைய வயர்லெஸ் பெட்டி ஒன்றை வாங்கிப் பிரித்தும் பூட்டியும் கற்றதுதான் எல்லாம். வால்வு எனக்கு வசப்பட்டது, கம்பி வசப்படவில்லை. தலைமுடி மாதிரி இருக்கும் எனாமல் கம்பியை, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், தளராமல், ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். தளர்ந்தால் டிரான்ஸ்பார்மர் வண்டு மாதிரி இரையும். மகள் பகவதி சுற்றியது ஒன்றுகூட இரைந்ததில்லை. இதைப் பிச்சையாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

தை 6, புதன்

மனைவி கோமதியின் தம்பி ஆறுமுகம் வந்தான். பகவதிக்கு ஒரு இடம். மார்த்தாண்டம். சொந்த மளிகைக் கடை. பையன் பெயர் சிவதாணு, ஒரே மகன், அப்பா இல்லை, அம்மா மட்டும். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

"குடிப்பானா?" என்று கேட்டேன்.

"காப்பிகூட குடிக்கமாட்டான் அத்தான்."

காப்பி குடிக்காதவனை எப்படி நம்புவது என்றேன். கோமதி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் மார்த்தாண்டம் தூரம் என்றேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஒரு தூரமா என்று அக்காவும் தம்பியும் சேர்ந்து கேட்டார்கள்.

பெண்ணுக்கு இருபது வயதாகிறது. வரன் வந்திருக்கிறது. எனக்கோ மனதுக்குள் நாலு டிரான்ஸ்பார்மர், நாலு டிரான்ஸ்பார்மர் என்று ஓடுகிறது. வெட்கமாக இருக்கிறது.

தை 8, வெள்ளி

சால்டரிங் இரும்பு பட்டு இடது பெருவிரலில் கொப்புளம். தேன் தடவினேன். சாக்கெட் வந்து சேர்ந்தது, ஒன்று உடைந்து. வெள்ளை அடிக்க ஆள் வந்தது. கோமதி என் தகரம், கம்பி, பெட்டி எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். இப்போது எதையும் காணோம்.

டீக்கடையில் ஒருவன்: "மைக் வந்த பொறவு எவனும் காதோட சொல்லது இல்ல, எல்லாம் ஊரு கேக்க சொல்லுகான்." என்னைப் பார்த்துச் சொன்னான். ஏதோ நான்தான் மைக்கைக் கண்டுபிடித்த மாதிரி.

பகவதி ஒரு டிரான்ஸ்பார்மர் முடித்தாள். மூன்று பாக்கி.

தை 10, ஞாயிறு

இன்று நடந்தது முழுக்க என்னால்.

காலையில் கோமதிக்குத் தெரியாமல் பகவதியிடம் சொன்னேன்: "ஒண்ணே ஒண்ணு மக்கா. அவங்க மூணு மணிக்குத்தான் வாறாங்க. அதுக்குள்ள முடிஞ்சிரும்." அவள் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பழைய சேலை, தலையில் எண்ணெய். கோமதி அடுக்களையில் முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை.

சுற்றுகிற மெஷின், சைக்கிள் பல்சக்கரம் வைத்து நானே செய்தது. வலது கை கைப்பிடியைச் சுற்ற, இடது கை விரல் கம்பியைப் பிடித்து நடத்தும். எண்ணுகிற கருவி கிடையாது. நூறு ஆனால் ஒரு புளியங்கொட்டை இந்தத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டைக்கு. நடுவில் யார் கூப்பிட்டாலும் அவள் பதில் சொல்லமாட்டாள். பேசினால் எண்ணிக்கை போய்விடும், நிறுத்தினால் கம்பி தளர்ந்துவிடும். வீட்டில் எங்களுக்கெல்லாம் இது பழக்கம்.

முந்தின பஸ் கிடைத்ததாம். பன்னிரண்டரைக்கே வந்து நிற்கிறார்கள்.

பையனின் அம்மா நேராக உள்ளே வந்தார். "மக்கா" என்றார். பதில் இல்லை. "பொண்ணே, ஒன்னத்தான்." தலை நிமிரவில்லை. சக்கரம் சுற்றுகிறது. அந்த அம்மாள் ஆறுமுகத்தின் பக்கம் திரும்பினார்.

"பொண்ணுக்கு காது கேக்காதாக்கும்? நீரு இத எங்ககிட்ட பறயல்லியே!"

ஆறுமுகம் திரும்புகிற அவசரத்தில் சிரட்டையைக் காலால் தள்ளிவிட்டான். கோமதி கரண்டியோடு வந்து நின்றாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் "நூறு" என்றாள் பகவதி, கண்ணை எடுக்காமல். கை நீட்டினாள், சிரட்டை எட்டவில்லை.

பையன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு கொட்டையை எடுத்து மறு சிரட்டையில் போட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் அந்தக் கையை மட்டும் பார்த்தாள், மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். அடுத்த நூறுக்கும் அவன்தான் போட்டான். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். அந்த அம்மாள் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். காப்பி ஆறிப்போயிற்று.

கடைசியில் நூல் கட்டி முடித்து எழுந்தாள். அந்த அம்மாளைக் கும்பிட்டாள். "மன்னிக்கணும் அத்தை, நிறுத்தினா எல்லாம் பாழாயிரும்." அப்புறம் பையனிடம்:

"எத்தன போட்டிய?"

"ஏழு."

"செரியாக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க வீட்டுல கரண்டு உண்டா?"

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் கேட்ட கேள்வி இது. கடையில் உண்டு, வீட்டில் இல்லை என்றான் அவன். அவர்கள் போனபிறகு கோமதி என்னோடு பேசவில்லை. இதுவரை பேசவில்லை.

தை 11, திங்கள்

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆறுமுகம் வந்து சொன்னது வேறு.

"பையன் ஒத்தக்காலுல நிக்கான் அத்தான், இந்தப் பொண்ணுதாண்ணு. அம்மைக்கும் செரிதான். ஆனா கம்பி வேல இதோட நிறுத்தணுமாம். வீட்டுக்கு வாற பொண்ணு மெக்கானிக்கு மாதிரி இருக்கப்பிடாதுண்ணு சொல்லுகா."

"அப்ப வேண்டாம்" என்றேன். "என் மகளுக்கு கையில ஒரு வேல இருக்கு. அத மதிக்காத வீட்டுக்கு அவள அனுப்ப மாட்டேன். போய்ச் சொல்லு."

சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. பெரிய மனுஷன் மாதிரி இருந்தது. கடைக்குப் போய் இரண்டாவது பெட்டிக்கு வால்வு பொருத்தினேன். உற்சாகமாகவே வேலை செய்தேன். பாட்டுகூட வாயில் வந்தது.

தை 12, செவ்வாய்

பகவதி மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். சுற்றவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா? வேண்டாம்ணு சொன்னது எனக்காகவா, பெட்டிக்காகவா?"

"இது என்னட்டி கேள்வி?" என்றேன்.

அவள் கம்பி உருளையை ஓரமாக வைத்தாள். "இந்தப் பெட்டி முடிஞ்சா அடுத்த ஆளுக்க பெட்டி வரும். அது முடிஞ்சா அதுக்கடுத்த ஆளு. எனக்கு அவரப் பிடிச்சிருக்கு அப்பா. வேலையும் பிடிச்சிருக்கு. ரெண்டும் சொல்லிட்டேன்."

எழுந்து போய்விட்டாள். நேற்றுப் பாடிய பாட்டு ஞாபகம் வந்து உடம்பு கூசியது. பெட்டிக்காகத்தான். முழுக்க இல்லை, ஆனால் முக்கால்வாசி பெட்டிக்காகத்தான்.

தை 13, புதன்

கிழக்குக் காற்று. பகவதி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நானே மெஷினில் உட்கார்ந்தேன். கம்பி அறுந்தது. பற்றவைத்து மறுபடி. மறுபடியும் அறுந்தது. மூன்றாவது தடவை தளர்வாகவே விட்டேன், அறுந்து தொலைக்காமல் இருந்தால் போதும் என்று. கொப்புளம் உடைந்து வலி வேறு. சாயங்காலம் கரண்டு கொடுத்துப் பார்த்தேன். அறை முழுக்க இரைந்தது. மேஜைமேல் படுத்திருந்த பூனை எழுந்து போய்விட்டது.

அலமாரிமேல் தூக்கி வைத்தேன். பகவதி வந்தாள், அலமாரியைப் பார்த்தாள், அடுக்களைக்குப் போனாள்.

தை 14, வியாழன்

மார்த்தாண்டம் போனேன். கோமதியிடம் தகடு வாங்கப் போகிறேன் என்றேன். "தகடு வாங்க யாரு வெள்ள வேட்டி உடுத்துவா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

சந்தி முக்கில் பஸ்ஸும் மாட்டு வண்டியும் தேங்காய்ச் சுமையும் ஒரே நெருக்கடி. கடை நல்ல கடை. மிளகு, புளி, கருப்பட்டி வாசனை. சிவதாணு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் நூலைக் கீழே விட்டுவிட்டான்.

"வாருங்கோ மாமா" என்றான். வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவனை மாமா என்கிறான்.

"அம்மை பறஞ்சது அம்மைக்க கருத்து மாமா. நான் அப்பிடிச் சொல்லச் சொல்லல்ல. இங்க ரேடியோ வச்சிருக்கவங்க ஒரு சின்ன ரிப்பேருக்கும் திருவனந்தபுரம் போறாங்க. கடைக்குப் பின்னால ஒரு முறி கெடக்கு, புளி மூட்டை போடுக முறி. ஒழிச்சுத் தரலாம். அதுல கரண்டு உண்டு. மெஷினக் கொண்டு வந்து போட்டா, அவ சுத்தட்டு. நான் கொட்டை எண்ணிக்கிடுவேன்."

கடைசியில் சொன்னதைச் சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான்.

நல்ல பையன். எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதத்தானே வேண்டும். மெஷினும் போகிறது, கையும் போகிறது, மேற்கே இருக்கிற வாடகைக்காரன் எல்லாம் இனி கோட்டாற்றுக்கு ஏன் வரப்போகிறான்? என் மகளே எனக்குப் போட்டிக் கடை வைக்கப்போகிறாள். அதற்கு நானே வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு வந்து இடம் பார்த்துவிட்டுப் போகிறேன்.

காப்பி கொடுத்தான். அவன் குடிக்கவில்லை.

தை 15, வெள்ளி

புளி மூட்டை அறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நேற்று பஸ்ஸில் தக்கலை வரை நினைத்தேன். பையனைப் பார்த்தேன், அம்மா பிடிவாதக்காரி, நடக்காது என்று சொன்னால் யார் போய்க் கேட்கப்போகிறார்கள். தக்கலை தாண்டியதும் அப்படி நினைத்ததே பயமாகிவிட்டது.

இன்று காலை பகவதியையும் கோமதியையும் உட்காரவைத்து, அவன் சொன்னது எதையும் விடாமல் சொன்னேன். கொட்டை எண்ணுவதையும் சொன்னேன். பகவதி தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் காது சிவந்திருந்தது.

"மெஷினக் கொண்டு போவட்டா?" என்றாள்.

"கொண்டு போ மக்கா."

"அப்ப உங்களுக்கு?"

நான் சுற்றிக்கொள்வேன் என்றேன். அவள் அலமாரிப் பக்கம் பார்த்தாள். கோமதிதான் முதலில் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஆறுமுகத்துக்கு ஆள் அனுப்பியாயிற்று.

தை 20, புதன்

மார்த்தாண்டத்து அம்மாளின் சம்மதம் வந்தது. "உள்முறியில இருந்து என்ன வேணும்ணாலும் செய்யட்டு. கடைக்க முன்னால வந்து இருக்கப்பிடாது." உள்ளே இருந்து சுற்றினாலும் கம்பி கம்பிதான். ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்.

பிச்சையா மூன்று பெட்டியையும் எடுத்துப்போனார். எல்லாம் பகவதி சுற்றியவை, பாக்கி இரண்டையும் இந்த வாரம் முடித்துவிட்டாள். முதல் பெட்டிக்கு இணைப்புக் கொடுத்துக் ஸ்பீக்கர் குழாயில் காதை வைத்துக் கேட்டார். "வே, இது ஓடுகா, அணஞ்சு கெடக்கா?" மைக்கில் விரலால் தட்டிக் காட்டினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்போது சொன்னேன், டிரான்ஸ்பார்மர் சுற்றியது என் மகள் என்று. இனி மார்த்தாண்டத்தில் கிடைப்பாள் என்றும் சொன்னேன்.

சொன்னபிறகு உடம்பு லேசாக இருந்தது. கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டேன்.

தை 24, ஞாயிறு

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. சொந்த வீட்டு விசேஷத்துக்குச் சொந்த மைக் செட் வேண்டும் என்று ஆறுமுகம் ஒரே பிடி. நல்ல பெட்டி எல்லாம் பிச்சையாவோடு போயாயிற்று. நான் சுற்றி அலமாரிமேல் வைத்திருந்த டிரான்ஸ்பார்மரை ஒரு பழைய பெட்டியில் பொருத்தி வைத்தேன். பேச்சும் சிரிப்பும் இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. லக்கினப் பத்திரிகை வாசிக்க எல்லோரும் வாயை மூடினார்கள். அப்போது கேட்டது. உம்மென்று, பந்தல் முழுக்க.

யாரும் கவனிக்கவில்லை. பட்டுச் சேலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பகவதி மட்டும் தலையை நிமிர்த்தினாள். குழாயைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பந்தியின்போது தண்ணீர் எடுக்கிற மாதிரி பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, அது நீங்க சுத்துனதுதானே? கல்யாணத்துக்கு முன்னால ஒண்ணு சுத்தித் தந்துட்டுப் போறேன்."

"வேண்டாம் மக்கா" என்றேன். "இரையட்டு."