உன் அப்பா பெப்போவைத் திட்டிவிட்டார்

ஷிபெனிக்,
திங்கட்கிழமை காலை

என் செல்ல மகள் டின்காவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே நலம். போனில் சொல்லலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும், நீ பயந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: நேற்று உன் அப்பா பெப்போவைத் திட்டிவிட்டார். வார்த்தையால்! முழு வார்த்தையால்!

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் "தோ, தோ" தவிர எதுவும் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். தண்ணீருக்கும் தோ, கோபத்துக்கும் தோ. படகுத் துறையில் வேலை பார்த்தபோது அவர் ஒரு குரல் கொடுத்தால், தீவுக்குப் போகும் பெரிய படகில் ஏற வந்த கார்களெல்லாம் வரிசைக்கு வரும். அந்த மனிதருக்கு இப்படி. ஈஸ்டர் அன்று நீ போனில் அந்தத் தோவைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு எல்லாம் புரிகிறது, கண்ணே. புரிவது போகவே இல்லை.

நேற்றைக்கு வருகிறேன். அவரோடு பாடும் கூட்டம் வசந்தம் முழுக்க நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவரை அப்படிப் பார்க்க அவர்களுக்குத் தைரியம் இல்லை. மாதா திருநாளுக்குச் சதுக்கத்தில் பாட வேண்டும், பயிற்சிக்கு இடம் இல்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு பெப்போ எல்லோரையும் கூட்டி வந்துவிட்டான். நான் மத்தி மீன் வறுத்தேன். திராட்சைப் பந்தலின் கீழே அவர்கள் பாட, அப்பா நாற்காலியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெப்போ உச்சத்துக்குப் போனான், வழக்கம்போல அங்கே வழுக்கினான். மறுபடியும் வழுக்கினான். அப்போதுதான் பின்னாலிருந்து இடி மாதிரி வந்தது: "கழுதைக்குப் பொறந்தவனே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பெப்போதான் முதலில் அசைந்தான். முகமெல்லாம் சிவந்து, "இன்னொரு தடவ திட்டு ஃபிரானே, கேக்கவே எவ்ளோ நல்லாருக்கு!" என்றான். அப்பா வாயைத் திறந்தார், தோ, தோ. பெப்போவுக்கு என்ன தோன்றியதோ, "பேசாத, விடு. பாடு!" என்று முதல் அடியை எடுத்துக் கொடுத்தான். டின்கா, உன் அப்பா பாடினார். முணுமுணுப்பு இல்லை. கடல், படகு, பெண்ணின் பெயர், ஒரு வார்த்தை விடாமல், அவருடைய கனத்த குரலில். நான் கையிலிருந்த மீன் தட்டைப் போட்டுவிட்டேன். பூனைகளுக்கு நேற்று நல்ல நாள்.

இன்று விடிந்ததும் பேச்சுப் பயிற்சி தரும் விஷ்ன்யாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் வேலைக்குப் போகும் வழியிலேயே ஓடி வந்தாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். வார்த்தைகளைக் கோக்கும் வேலையில் பெரும்பகுதியை மூளையின் இடது பாதி செய்கிறதாம். அடி விழுந்தது அங்கே. அதனால்தான் வலது கையும் சோர்ந்து கிடக்கிறது. ராகத்தில் வலது பாதிக்கு நிறையப் பங்கு உண்டு, அது முழுசாக இருக்கிறது. பழகின பாட்டும், வாயில் ஊறின வசவும் வேறு வழியாக வெளியே வந்துவிடுமாம். "அப்போ அவர் இனிமே வலது பக்கத்து ஆளா?" என்று கேட்டேன். இவர் இடது மூளை ஆள், அவர் வலது மூளை ஆள் என்று பத்திரிகையில் போடுகிறார்களே. விஷ்ன்யா சிரித்துவிட்டாள். "அப்படி ஆளே கிடையாதும்மா. ரெண்டு பாதியும் எப்பவும் சேர்ந்துதான் வேலை செய்யும். ஒண்ணு தடுக்கி விழுந்தா இன்னொண்ணு கை கொடுக்கும், அவ்ளோதான்" என்றாள்.

இடது கையால் முழங்காலில் தட்டச் சொல்லி, "கா-ப்பி வே-ணும்" என்று இழுத்துப் பாடவைத்தாள். எத்தனையோ முறை தடுமாறி, கடைசியில் வந்துவிட்டது. காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்கவே இல்லை, கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எல்லோருக்கும் இப்படி வாய்க்காது, பழையபடி பேச எவ்வளவு காலம் ஆகும் என்றும் சொல்ல முடியாது என்று எச்சரித்தாள். இருக்கட்டும்.

என்னைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தாய். முடி கொட்டியது, தூக்கம் போனது, அவர் மேல் எரிந்து விழுந்தேன். அதையும் முன்பே விஷ்ன்யாதான் பார்த்துச் சொன்னாள்: "நாய் துரத்தினா ஓடுறதுக்கு உடம்பு முறுக்கிக்கும். நாய் போனா அடங்கணும். உங்களுக்கு நாய் போகவே இல்லம்மா." மாற்றக்கூடியதை மாற்றுங்கள், முடியாததற்கு மனசை ஆற்றிக்கொள்ளுங்கள் என்றாள். குளியலறையில் பிடிகம்பி வைத்தேன். காலையில் பக்கத்து வீட்டு ஸ்லாவ்காவை அவரோடு உட்காரச் சொல்லிவிட்டுக் கடலில் நீந்துகிறேன். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அழுதால் யாருக்கும் தெரியாது. இப்போது தூங்குகிறேன். சில பேர் பார்க்காமல், கேட்காமல் இருந்து சமாளிப்பார்களாம், அதில் தப்பில்லை, ஆனால் ரொம்ப நாளைக்குத் தாங்காது என்றும் சொன்னாள். அவள் பொதுவாகத்தான் சொன்னாள்.

நீ அனுப்பிய ஸ்வெட்டர் அவருக்குப் பொருத்தமாக இருக்கிறது. இனி எதுவும் அனுப்ப வேண்டாம், இந்த வெயிலில் ஸ்வெட்டரை என்ன செய்வது? திருநாளன்று அவரை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாடுவார்கள். அவரோ நின்றுதான் பாடுவேன் என்று சைகையில் பிடிவாதம் பிடிக்கிறார். நீ இருக்கும் டப்ளினிலிருந்து நேராக விமானம் இருக்கிறது என்று ஸ்லாவ்காவின் மகன் சொன்னான். லீவு கிடைக்குமோ என்னவோ, உன் வேலை எனக்குத் தெரியாதா.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் போன் செய், கண்ணே. அவரே எடுப்பார். எடுத்ததும் கொஞ்ச நேரம் எதுவும் கேட்காது. வைத்துவிடாதே. அவர் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.

மாதா உன்னைத் தன் நிழலில் வைத்துக்கொள்ளட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா