பெகு விழுந்த கதை

9 மார்ச் 2019, காலை 6.40. மொத்தம் 212 ஓலை. படம் எடுத்தது 31.

இந்த வேகத்தில் போனால் மழைக்காலம் வந்துவிடும். மடத்தில் மின்சாரம் இருந்தும் இல்லாத மாதிரிதான். 1757-ல் பர்மிய ராஜாவிடம் பெகு நகரம் விழுந்து எங்கள் மொன் ராஜ்ஜியமே போனதை, எங்கள் ஊர்க்காரன் எவனோ கண்ணால் பார்த்து எங்கள் மொன் மொழியில் எழுதிய சுவடி. வேறு பிரதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஜெயித்தவன் கதை, பர்மிய மொழியில்.

11 மார்ச்

மடத்துக் கமிட்டித் தலைவர் நை பலாய் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஓலைக்குக் கல்யாண போட்டோவா?"

எரிச்சலில் கொட்டிவிட்டேன். "மாமா, இந்த மடத்துல இருக்கிற தங்கம் வெள்ளி எல்லாத்தையும் விட இதுதான் ஒசத்தி."

முகம் மாறிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஓலையைக் கும்பிட்டார். ஒருவழியாகப் புரிந்ததே.

14 மார்ச்

படம் எடுத்தது 43. படமெடுக்கிற விளக்கு எரிந்து போச்சு. மௌல்மெய்ன் டவுனுக்குப் போய் வேறு வாங்கணும்.

21 மார்ச்

முடிஞ்சுது.

நேற்று பௌர்ணமி. மடத்து வாசலில் கட்டிக்கொண்டிருந்த புதுத் தூபியின் உள்ளறையை, இனி திறக்கவே முடியாதபடி மூடிவிட்டார்கள். நான் விளக்கோடு டவுனிலிருந்து வந்து இறங்கும்போது சிமெண்ட் காய்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே புத்தர் சிலைகள், பெண்கள் கழற்றிப் போட்ட மோதிரங்கள். கூடவே சுவடி. பட்டுத்துணி சுற்றி, முழுசாக.

"நீதானே தம்பி சொன்னே, தங்கத்தை விட ஒசத்தின்னு? அதான் நகைக்கெல்லாம் மேல வெச்சோம்." மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அது படிக்கிறதுக்கு மாமா."

"இங்க யாருப்பா படிக்கிறா? அங்க இருந்தா பூச்சியாவது அரிக்காது."

உடைத்து எடுங்கள் என்று எந்த வாயால் சொல்ல? தூபியை உடைத்தவனுக்கு நரகம். இன்ஜினியரிங் படிச்சவன்தான் — இருந்தாலும் எனக்கே கை வராது. அக்கா மி சோன் தன் தோட்டைப் போட்டாளாம், செத்துப்போன அப்பா பேரில். இத்தனை சந்தோஷமாக அவளைப் பார்த்து வருஷமாகிறது. அவகிட்ட போய் என்னத்தைச் சொல்றது?

22 மார்ச்

புது விளக்கைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை.

24 மார்ச்

எடுத்த படங்களை வரிசையாகப் படித்தேன். கோட்டைக்கு வெளியே பகைவர் கூடாரம் அடிக்கிறார்கள். உள்ளே அரிசி தீர்ந்துகொண்டு வருகிறது. அதோடு நிற்கிறது. பெகு இன்னும் விழவில்லை.

இனி:

1. 43 படங்களையும் இன்னும் இரண்டு இடத்தில் சேமிப்பது.
2. ஆற்றுக்கு அக்கரை மடத்தில் ஒரு பெட்டி ஓலை கிடக்கிறதாம். நாளைக்கே போவது.
3. அங்கே ஒரு வார்த்தை புகழக் கூடாது. யாராவது கேட்டால் — பழைய குப்பை, சும்மா பொழுதுபோகாம எடுக்கிறேன்.