ஒரு நாள் இருந்தவனின் பெயர்

2024 ஒக்டோபர் 3, வியாழன்

தேவாலய அலுவலக அறையில் இரண்டாவது வாரம். ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கிறேன். மாத முடிவில் மூலப் புத்தகங்கள் கொழும்புக்குப் போய்விடும். நூற்றிருபது ஆண்டுச் சபை, ஒன்பது பெட்டிகள். ஏழாவதற்குள் கண்டி மழை புகுந்திருக்கிறது.

இந்த வேலையை ஏன் கேட்டு வாங்கினேன் என்று போதகர் ரமேஸ் ஐயாவுக்குத் தெரியாது.

ஒக்டோபர் 4

1991 மார்ச். இல்லை.

ஒக்டோபர் 9

மூன்று முறை பார்த்தாயிற்று.

அண்ணா மார்ச் பன்னிரண்டில் பிறந்தான். அன்று மாலையே போய்விட்டான். அம்மா மயக்கத்தில், அப்பா கொழும்பில். அடுத்த மாதமே அப்பாவுக்கு வவுனியா மாற்றல், குடும்பத்தோடு. திரும்பி வரப் பதினைந்து வருடம்.

நவம்பரில் மரித்தோர் நினைவு நாளில் பெயர்களை வாசிப்பார்கள். அம்மா, இறந்துபோன அப்பாவின் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பார். "ஞானமுழுக்கு இல்லை, பேர் இல்லை. என்னெண்டு வாசிக்கிறது?" ஒருவேளை யாராவது கொடுத்திருந்தால்?

ஆறு மணித்தியாலம் வாழ்ந்தவன். பார்த்திராத ஒருவனை இவ்வளவு தேட முடியுமா?

ஒக்டோபர் 17

ஐயா எட்டிப் பார்த்தார். "என்ன மகள், தொண்ணூத்தியொண்ணுலயே குடியிருக்கீங்க?"

சொல்லிவிட்டேன். ஐயா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

"பொறந்த தேதியில தேடினா எப்படி? வந்து சொன்ன நாள்லதான் எழுதுவாங்க. ஆஸ்பத்திரியில அவசரமா குடுத்த முழுக்குன்னா மாசக்கணக்கா பிந்தும்."

வரலாறு படித்தவள் நான். வெட்கம்.

ஒக்டோபர் 18

1991 நவம்பர். பக்கம் 64. தாய்: றஞ்சனா. பிறப்பு: மார்ச் 12.

அன்றைய போதகரின் கையெழுத்து: "தாதி வடிவம்மா, சைவர், இன்று நேரில் வந்து அறிவித்தார். தாயின் கழுத்தில் சிலுவை கண்டு, பிள்ளை பிழைக்காதென அறிந்து, தண்ணீர் ஊற்றிப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி எனும் திரியேக நாமத்தில் முழுக்களித்தாராம். வேறு பெயர் வாய்க்கு வரவில்லையாம். அவர் இட்டபடியே பதிகிறேன். குடும்பம் ஊரில் இல்லை."

பெயர்: முருகேசன்.

மூன்று படம் எடுத்தேன். மூன்றும் மங்கல்.

ஒக்டோபர் 19

அம்மாவிடம் காட்டினேன்.

"முருகேசனோ?"

சிரித்தார். சிரித்தபடியே குசினிக்குள் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

வந்து கேட்டார்: "அந்த நேர்ஸ் இப்ப எங்கயாம்?"

தெரியவில்லை.

நவம்பர் 2

மரித்தோர் நாள் துண்டுத்தாளில் அம்மாவின் எழுத்து. முருகேசன் மேலே, அப்பா கீழே. ஐயா தயங்கவில்லை, மற்றப் பெயர்களைப் போலவே வாசித்தார். முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்: "முருகேசனா? யாருங்க அது?"

அம்மா திரும்பினார். ஜெபத்தின் நடுவில், குரலைத் தாழ்த்தாமல்—

"என்ர மூத்தவன்."