விமானம் கடக்கும்வரை நிறுத்திய பேச்சு

அன்பு வசந்தா,

விமானத்தில் ஏறிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கடிதம் முழுக்க நீ அதையே கேட்டுக்கொண்டிருப்பாய். இது இரண்டாவது விமானம். ஜன்னல்களை மூடச் சொல்லிவிட்டார்கள். வெளியே பகலா இரவா என்று தெரியவில்லை. பேத்தி தியா என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். பாலுவும் மருமகள் நித்யாவும் முன்வரிசையில்.

ராட்சத ராட்டினங்கள் இருக்கிற அந்த அமெரிக்கப் பூங்காவுக்குத் தியாவை அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்தவள் நீ. கைப்பேசியில் படம் பார்த்து, எதில் முதலில் ஏறுவது என்று அவளோடு சண்டை போட்டவளும் நீ. வெயிலுக்கென்று தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு தொப்பிகூட வாங்கினாய். நான் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருடைய பைகளையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நீ போய் ஒரு வருஷம் கழித்து, ஆயா சொன்ன ஊருக்கு எப்போது போகிறோம் என்று அவள் கேட்டாள். பாலு டிக்கெட் எடுத்துவிட்டான், எனக்கும் சேர்த்து.

எனக்குப் போக விருப்பமா? யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை.

பொழிச்சலூரில் நம் வீட்டுக்கு மேலே விமானம் வரும்போதெல்லாம் தெருவே பேச்சை நிறுத்திவிடும். அது கடந்து போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீ ஒரு சொல்லைக்கூடத் தவறவிட்டதில்லை. என்னைத் திட்டிக்கொண்டிருந்தால், நிறுத்திய சூடு ஆறாமல் தொடர்வாய். மாடியில் இருந்தால் விமானத்துக்குக் கை ஆட்டிவிட்டுத் தொடர்வாய்.

ஒரே ஒரு தடவைதான் தொடரவில்லை. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாய். "ஏங்க, நாம ஃபிளைட்ல போறப்ப நீங்க மறக்காம..." என்றாய். விமானம் வந்தது. அது போவதற்குள் கீழே குக்கர் சத்தம் கேட்டு இறங்கிப் போய்விட்டாய். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரமே உன் நெஞ்சு நின்றுவிட்டது.

மறக்காமல் என்ன செய்ய வேண்டும்? மாத்திரை எடுத்துக்கொள்ளவா? கேஸை மூடவா? இந்தப் பயணத்துக்கு நான் செய்த ஏற்பாடுகள் எல்லாமே அந்த அரை வாக்கியத்துக்குப் பதில் தேடித்தான். தணிக்கை அலுவலகத்தில் இருந்தவன் அல்லவா, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். பார்த்து முடித்ததும் முதல் தடவை சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்தது.

திங்கட்கிழமை காலை, ராகு காலத்தில்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. நீ என்ன செய்திருப்பாய் என்று தெரியும். பரஸ்தானம் வைத்திருப்பாய். நல்ல நேரத்தில் ஒரு பையை முன்னாலேயே பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு துண்டை வைத்தால் போதும் என்றான் பாலு. நீ ஒப்புக்கொள்வாயா? பயணத்துக்கு உண்மையிலேயே தேவைப்படும் பொருளை வைப்பதுதானே உன் முறை. என் தோள்பையில் பாஸ்போர்ட்டையும் மாத்திரைகளையும் வைத்து, ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். தங்கள் வீட்டில் ராகு காலமே கிடையாது, அதனால் பை பத்திரமாக இருக்கும் என்றாள்.

இருந்தது. பத்திரமாக அங்கேயேதான் இருந்தது.

காலையில் கேஸ், குழாய், பூட்டு எல்லாவற்றையும் பார்த்தேன். காரில் ஏறிய பிறகு இறங்கிப் போய்ப் பூட்டை மறுபடி இழுத்துப் பார்த்தேன். விமான நிலையம் நமக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் பம்மல், பல்லாவரம் என்று சுற்றித்தான் போக வேண்டும். வாசலில் காவலர் பாஸ்போர்ட் கேட்டபோது என் கை தோளைத் தடவியது. தோளில் பை இல்லை.

பாலு கத்தவில்லை. ஸ்டெல்லாவுக்குப் போன் செய்துவிட்டு, "துண்டை வைங்கன்னு சொன்னேனேப்பா" என்று மட்டும் சொன்னான். நித்யா என்னைத் தண்ணீர் குடிக்க வைத்தாள். ஸ்டெல்லா வந்துசேர நேரமாகலாம், நீங்கள் மூவரும் போய்விட்டு வாருங்கள், நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிறேன் என்றேன். சொன்னதும் நெஞ்சு எவ்வளவு லேசானது தெரியுமா? மறந்துதான் போனேனா, இல்லை உள்ளுக்குள் இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேனா? தியா உன் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

ஸ்டெல்லா ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். நைட்டி மேல் துப்பட்டா, தலையில் ஹெல்மெட், முன்னால் என் பை. "இன்னா சார், ஊருக்குப் போறது நீங்களா, எங்க வூட்ல குந்தினு இருந்த இந்தப் பையா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். பையை என் தோளில் மாட்டும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "போவாம இருக்கலாம்னு பாக்கறீங்க இல்ல? அக்கா இருந்திருந்தா உங்கள இங்கயே வுட்டுட்டு ஏறியிருப்பாங்க சார்."

உண்மைதானே? என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாய். நீ ஏறியிருக்கும் விமானத்துக்கு நான் கீழே நின்று பேச்சை நிறுத்தியிருப்பேன். அந்தப் படம் மனசில் வந்ததும் வீட்டுக்குப் போக முடியவில்லை. அங்கே போனால் யாரோடு பேச, எதற்காகப் பேச்சை நிறுத்த? தியாவின் கையிலிருந்த தொப்பியை வாங்கி அவள் தலையில் வைத்து, உள்ளே நடந்தேன்.

முதல் விமானத்தில் தியா எனக்குத்தான் ஜன்னல் இருக்கை கொடுத்தாள். விமானம் நகர ஆரம்பித்ததும் பயத்தில் ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. உன் அரை வாக்கியத்தை முதல் தடவையாக இன்னொருவரிடம் சொன்னேன். மறக்காமல் என்ன செய்யச் சொல்லியிருப்பாள் ஆயா என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "டாட்டா காட்டத்தான் தாத்தா. நான் இவ்ளோ வருஷமா காட்டறேன், மேலருந்து ஒருத்தரும் திருப்பிக் காட்டலன்னு ஆயா சொல்லுவாங்கல்ல?"

என்னிடம் நீ அதைச் சொன்னதில்லையே. இல்லை, சொல்லி நான்தான் சரியாகக் கேட்கவில்லையோ?

தரை கீழே நழுவியது. சுவர், தென்னை, தண்ணீர்த் தொட்டிகள், மொட்டை மாடிகள். அவற்றில் எது நம்முடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து வரிசைக்காரர் பார்க்கிறாரோ என்று கையை மடியிலிருந்து கொஞ்சமாகத்தான் தூக்கினேன். பிறகு கண்ணாடியில் உள்ளங்கை படும்வரை தூக்கி ஆட்டினேன். எல்லா மாடிகளுக்கும் சேர்த்து. அந்த நேரம் நம் தெருவில் யாரோ ஒருவர் எங்களுக்காகப் பேச்சைப் பாதியில் நிறுத்தியிருப்பார்.

தியா சொன்னது சரியான விடைதானா? நீதான் சொல்ல வேண்டும். அதுவரை ஒன்று செய்கிறேன், வசந்தா. நீ வாக்குக் கொடுத்த ராட்டினத்தில் அவளோடு நான் ஏறுவேன். கண்ணைத் திறந்து வைத்திருப்பேனா என்பதற்கு மட்டும் உறுதி கேட்காதே. பைகளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். வீடு திரும்பியதும் மாடியேறி, போகிற விமானத்துக்கெல்லாம் உனக்குப் பதிலாகக் கை ஆட்டுவேன்.

நீ விட்ட சொல்லிலிருந்து தொடர்வதைக் கேட்க, இன்னும் பேசாமல் நிற்கும்
உன் வீட்டுக்காரன்,
சபாபதி