கரி பஸ் வராத மத்தியானம்

மைனி,

இன்று காலை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் கரியைப் போட்டு விசிறினார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நாலடி தள்ளிப்போய் நின்றேன். கரிப் புகை என்றால் எனக்கு இன்னமும் அப்படித்தான். நீங்கள் இருந்திருந்தால், "ஏளா, பேரன் எடுத்த பெறவும் அந்தப் பயம் போகலையா?" என்று கேலி செய்திருப்பீர்கள். உங்களை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் கேலி செய்ய ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உலகச் சண்டைக் காலத்துக் கரி பஸ்ஸைப் பற்றிச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் கதைவிடுகிறேன் என்கிறார்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் பின்னால் ஒரு உலையைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அதில் வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். சின்ன மேடு வந்தாலும் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். ஆனாலும் நம் புன்னைக்காயலுக்கு அதுதான் ராஜா. பஸ் வந்த புதிதில் ஊர் அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. கடல்வழியே தூத்துக்குடிக்கு ஆள் ஏற்றிப் போன தோணியில் ஏற நாதியில்லாமல் போய், கடைசியில் அதை உடைத்துப் பலகையாக விற்றார்கள். மாட்டுவண்டி வைத்திருந்தவர்கள் மாட்டை விற்றார்கள். நீங்கள் மட்டும் லேசுப்பட்டவரா? சோலி இல்லாத நாளிலும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆத்தூர் வரை போய், வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்தானே!

நான் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கொழும்பில் இருந்தார். அம்மா செத்த வீட்டில் அம்மா செய்யவேண்டியதை எல்லாம் அண்ணன் பெண்டாட்டியான நீங்கள்தான் செய்தீர்கள். விடிந்ததும் வலி கண்டது. உச்சிவேளையில் மருத்துவச்சி வெளியே போய் உங்களிடம் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

"பிள்ளை குறுக்க கெடக்கு. இது என் கைக்கு அடங்காது. பொழுது சாயுததுக்குள்ள தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. இல்லன்னா ரெண்டு உசுரும் தங்காது."

கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய் ரோட்டோரம் வைத்தார்கள். மத்தியான பஸ் வரும் நேரம். அண்ணன், அவன் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற ஆட்கள், தெருப் பெண்கள் என்று எல்லாரும் ஆத்தூர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இந்தா வந்துரும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. கடலில் பிறந்து வளர்ந்த சனம், ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு வலியில் வானமே சுற்றியது. செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆத்தூரிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர்தான் சொன்னார். "பஸ் அங்கனயே படுத்துட்டு. கரி நனைஞ்சு போச்சாம். இன்னைக்கு வாராது."

நீங்கள் அண்ணனைப் பார்த்துக் கேட்டீர்கள். "இப்ப என்ன காத்து அடிக்கி?"

"சோழகம்" என்றான் அவன், தன்னையறியாமல். தெற்கிலிருந்து வடக்கே பாயை இழுத்துக்கொண்டு போகிற காற்று. தூத்துக்குடி வடக்கேதான் இருக்கிறது. உங்கள் கேள்வியின் அர்த்தம் புரிந்ததும் அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

ஆள் ஏற்றும் தோணி இருந்தவரை யாருக்கும் சங்கடமில்லை. இப்போது கரையில் கிடந்தவை மீன்பிடிக்கிற வள்ளங்கள் மட்டும். மீன்பிடிக்கிற வள்ளத்தில் பெண்பிள்ளை கால் வைக்கக்கூடாது என்பது நம் கரையின் கட்டுப்பாடு. வைத்தால் மீன் படாது, ஆட்கள் ஏறமாட்டார்கள். அதிலும் பிரசவத்தீட்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

"ஏளா, வெவரங்கெட்டுப் பேசாத. நாலு குடும்பத்துச் சோறு அது" என்றான் அண்ணன். அவன் என்மேல் பாசமில்லாதவன் இல்லை, மைனி. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "இன்னுங் கொஞ்சம் பாப்போம். பஸ்ஸ சரி பண்ணியிருவாவ."

"வாராதுன்னு சொல்லியாச்சுல்லா! இன்னும் எதப் பாக்கணும்? இவ பொணத்தையா?" என்று கத்தினீர்கள். நீங்கள் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கட்டிலைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கரைக்கு நடந்தீர்கள். அண்ணன் முன்னால் ஓடிப்போய் வள்ளத்தை மறித்துக்கொண்டு நின்றான். நீங்கள் அவனைச் சுற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினீர்கள். உள்ளே காலை வைத்து, ஏறி, நடுப்பலகையில் உட்கார்ந்தீர்கள். கரையிலிருந்த பெண்கள் "மாதாவே!" என்று அலறினார்கள்.

"தீட்டு பட்டுட்டு. இனி இதுல காப்பாத்த ஒண்ணுமில்ல. ஒங்க தங்கச்சிய ஏத்துங்க" என்றீர்கள்.

அண்ணன் அசையவில்லை. பிறகு கட்டிலிலிருந்து அவனே என்னைத் தூக்கினான்.

அண்ணன் பாயை விரித்து வள்ளத்தை வடக்கே விட்டான். இருட்டிய பிறகு துறைமுகத்தை நெருங்கும் வள்ளத்தைப் பட்டாளத்துக்காரர்கள் சுட்டுவிடுவார்கள் என்று அப்போது ஊரில் ஒரு பேச்சு. அதனால் பொழுது இறங்க இறங்க அவன் பாயையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தான். கடலில் போய்ப் பழக்கமில்லாத நீங்கள் ஓரத்தில் சாய்ந்து வாந்தியெடுத்தீர்கள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். "கண்ண மூடாத, ஏளா. என்னையே பாரு" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தீர்கள். நான் கரையைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தேன். வெளிச்சம் இருக்கும்போதே கரை சேர்ந்தோம். குதிரைவண்டி பிடித்து ஆஸ்பத்திரி. என் மகள் பிழைத்தாள், நானும் பிழைத்தேன்.

அதற்கான தண்டனையை நீங்கள்தான் அனுபவித்தீர்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தும் வள்ளத்தில் ஏற ஆள் வரவில்லை. அண்ணன் வேறொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போனான். உங்களிடம் முகம்கொடுத்துப் பேச அவனுக்கு வெகுநாள் ஆயிற்று. பேசத் தொடங்கிய பிறகும் அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. சண்டை முடிந்து பெட்ரோல் பஸ் வந்தது. புதிதாகக் கட்டிய வீடுகளெல்லாம் ரோட்டைப் பார்த்து வாசல் வைத்தன. ஆள் ஏற்ற ஒரு தோணி வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. நான் பஸ்ஸைத் திட்டவில்லை. தினமும் அதில்தான் போகிறேன். அது வந்ததும் மற்ற வழியையெல்லாம் ஏன் அடைத்தார்கள் என்பதுதான் என் ஆத்திரம். அந்த ஆத்திரம் சாகும்வரை என்னோடு இருக்கும்.

இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. உங்களிடம் சேர்க்கவேண்டியது. கல்லறைத் தோட்டத்துக்கு உங்கள் பெட்டியை ஏற்ற வேன் வந்தது. பெட்டியோடு ஆண்கள் மட்டும் ஏறட்டும், பெண்கள் நடந்து வரட்டும் என்று யாரோ சொன்னார்கள். நான் காதில் வாங்காமல் படியில் கால் வைத்தேன். ஒருவர் என் தோளைப் பிடித்துத் தடுத்தார். உள்ளே உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏறட்டும்லே. பொம்பள ஏறுனதால இதுவரைக்கும் ஒண்ணும் கெட்டுப் போகல" என்றான்.

உங்களுக்குக் கேட்டதா, மைனி?